பெட்ரோல் எங்கே நின்றுபோனது?

எங்கள் வீட்டு மாருதி 800-க்குப் புது பெட்ரோல் பம்ப் போட்டார்கள். பொறி கொடுக்கும் பிளக், அதற்கு மின்சாரம் அனுப்பும் காயில் இரண்டும் புதுசு போட்டார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி உள்ளே புது ரிப்பேர் கிட்டும் மாட்டினார்கள். காலையில் ஸ்டார்ட் ஆகி, தெருமுனையைத் தாண்டுவதற்குள் பொசுக்கென்று நின்றுபோகும் பழக்கம் மட்டும் மாறவே இல்லை.

அப்பா 1996-இல் வாங்கிய வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், சுஸுகியின் எஃப்8பி எஞ்சின். 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை தயாரான 800-களில் எங்களுடையது கார்புரேட்டர் காலத்தைச் சேர்ந்தது. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ., அதாவது இஞ்செக்‌ஷன் எல்லாம் 2000 வாக்கில்தான் வந்தது. ஆகவே இந்த வண்டியில் ஸ்கேனர் மாட்ட இடமில்லை, எரர் கோடு கிடையாது, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியாது. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, மூக்கால் மோந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. எல்லாமே வெளியில் தெரிகிற எஞ்சினிடம் பொறுமையாகக் கேட்டால் பதில் சொல்லிவிடும். கேட்கத்தான் ஆளில்லை.

கோளாறு வந்த விதத்தைச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் சோக் (ஆறின எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் பிடி) இழுத்துத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். அரை நிமிஷம் ஒழுங்காக ஓடும். அப்புறம் திணறி நின்றுவிடும். அதன் பிறகு செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி இறங்கப்போகிறது என்று பயம் வரும் நேரத்தில் மறுபடி பிடிக்கும். அப்படிப் பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவு இல்லை. கடைவீதியில் நிறுத்திவிட்டு வந்து திருப்பினால் ஒரே திருப்பில் ஸ்டார்ட்.

இந்த வரிசையிலேயே பாதி விடை இருக்கிறது. காலையில் முதல் திருப்பிலேயே பிடிக்கிறது என்றால் பேட்டரி, செல்ஃப் மோட்டார், காயில், பிளக் எல்லாம் அந்த நேரத்தில் வேலை செய்கின்றன என்று அர்த்தம். அரை நிமிஷம் ஓடுகிறது என்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோலைச் சேர்த்துவைக்கும் ஃப்ளோட் தொட்டியில் கொஞ்சம் பெட்ரோல் இருக்கிறது. அது தீர்ந்ததும் நிற்கிறது. பின்னாலிருந்து வர வேண்டிய பெட்ரோல் வந்து சேரவில்லை. இவ்வளவையும் பானெட்டைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் யாரும் "எப்போ நிக்குது, எவ்வளவு நேரம் ஓடி நிக்குது?" என்று கேட்கவில்லை. "ஸ்டார்ட்டிங் டிரபிளா? விட்டுட்டுப் போங்க சார், சாயங்காலம் வாங்க" என்றார்கள். சாயங்காலம் பில் தயாராக இருந்தது.

அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை யோசித்துப் பார்த்தால் புரியும். புதுப் பம்ப் போட்டேன் என்று அட்டைப்பெட்டியைக் காட்டினால் பேசாமல் கொடுத்துவிடுகிறோம். "ரெண்டு மணி நேரம் தேடிப் பார்த்தேன், ஒரு டியூப் மட்டும் மாத்தினேன்" என்றால், "ஒரு டியூபுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். தேடுவதற்குக் கூலி இல்லாத ஊரில் மெக்கானிக் பாகத்தை மாற்றாமல் வேறென்ன செய்வார்? மாற்றிப் பார்ப்பதே அவர் தேடுகிற முறையாகிவிடுகிறது. செலவு மட்டும் நம்முடையது.

சரி, தேடுவது எப்படி? ஸ்டார்ட் ஆகாத வண்டியில் முதலில் பிரிக்க வேண்டியது இரண்டே இரண்டு: செல்ஃப் சுற்றவில்லையா, சுற்றியும் பிடிக்கவில்லையா? சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலோ, எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினாலோ பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பூவைச் சுத்தம் செய்து, எர்த் வயரை முறுக்கி, மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். இன்னொரு விஷயம், எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பிளக்கில் பொறியும் பலவீனமாகும். மின்சாரத்தை எல்லாம் செல்ஃப் மோட்டாரே தின்றுவிடுவதால் காயிலுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். பெட்ரோல் கோளாறு என்று நினைத்துக் கழற்றிய எத்தனையோ கார்புரேட்டர்களின் உண்மையான வியாதி பேட்டரிதான்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அடுத்து ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. சற்று நேரம் செல்ஃப் அடித்துவிட்டுக் கழற்ற வேண்டும். பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் போய் ஓவர் ஆகிவிட்டது. ஓவர் ஆன வண்டிக்குச் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மிதித்து மிதித்து விடக் கூடாது. ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் இன்னொரு வாய் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். செல்ஃபையும் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், நடுவில் ஆறவிட வேண்டும்.

அந்தப் பீய்ச்சலே ஒரு பரிசோதனைதான். எஞ்சினை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்தால், மெல்லிய பெட்ரோல் தாரை உள்ளே பாய்வது தெரியும். தாரை வந்தால் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது. எங்கள் வண்டியில் காலையில் வந்தது. ஓடி நின்ற பிறகு இழுத்தால் வரவே இல்லை. அத்தோடு காயில், பிளக் எல்லாம் சந்தேகத்திலிருந்து விடுபட்டன. கார்புரேட்டரும் ஏறக்குறைய விடுபட்டது.

மிச்சம் இருப்பது டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள பாதை. டேங்க் வண்டியின் பின்பக்கம். அங்கிருந்து அடிப்பகுதி வழியாக ஓர் இரும்புக் குழாய் முன்பக்கம் வருகிறது. அதன் இரு முனைகளிலும் ரப்பர் டியூப். நடுவே ஃபில்டர். முன்னால் எஞ்சினோடு ஒட்டியபடி பம்ப், அதாவது மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்று சொல்வது (குளிர்சாதன ஏசி அல்ல). எஞ்சின் சுற்றும்போது காம்ஷாஃப்ட் அதன் நெம்புகோலைத் தள்ளும், உள்ளே ரப்பர் டயஃப்ரம் மேலும் கீழும் போகும், பின்னாலிருந்து உறிஞ்சி முன்னால் தள்ளும். அது தருகிற அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நான்கைந்து பவுண்டு இருந்தால் அதிகம். எஞ்சின் சுற்றாவிட்டால் அதுவும் இல்லை.

இங்கேதான் மதுரை அரசரடிப் பக்கம் ஒரு சின்ன ஷெட்டில் வேலை பார்க்கும் பாய் வருகிறார். வயது எழுபதைத் தொட்டிருக்கும். அம்பாசிடர், பத்மினி என்று பழைய வண்டிகளாகப் பார்த்தவர். நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு ஒரே கேள்வி கேட்டார்.

"தம்பி, மேட்டைப் பார்த்து நிறுத்துனா எப்படி, பள்ளத்தைப் பார்த்து நிறுத்துனா எப்படி?"

எங்கள் வீட்டு வாசலில் சரிவு உண்டு. முன்பக்கம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தினால் காலையில் கட்டாயம் நிற்கும். மூக்கு பள்ளத்தில் இருந்தால் பல நாள் நிற்காது. சொன்னேன்.

"அப்போ பம்புல ஒண்ணுமில்ல. காத்து வாங்குது" என்றார்.

அவர் செய்து காட்டிய பரிசோதனையை அப்படியே எழுதிவைக்கிறேன், பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது உதவும். காயில் வயரைக் கழற்றி ஒதுக்கிவைத்தார், எஞ்சின் பிடித்துக்கொள்ளாமல் இருக்க. பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி, நீளமான வேறொரு டியூபைச் செருகி, தூரத்தில் வைத்த கண்ணாடிப் பாட்டிலில் விட்டார். என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். நல்ல பம்ப் என்றால் துடிப்புத் துடிப்பாகப் பெட்ரோல் கொட்ட வேண்டும். எங்கள் வண்டியில் முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் நுரையும் பெட்ரோலும் கலந்து வந்தது. நேரம் கழித்துத்தான் தாரை சீரானது. அடுத்து, பம்ப்புக்குள் வரும் பின்பக்கத்து டியூபைக் கழற்றிவிட்டு, சின்னப் புது டியூப் ஒன்றைப் பெட்ரோல் இருக்கும் கேனுக்குள் விட்டார். செல்ஃப் அடித்த உடனே பம்ப் வாந்தி எடுப்பது போலக் கொட்டியது, ஒரு குமிழி இல்லை. அதாவது பம்ப் நல்ல பம்ப், பழுது அதற்குப் பின்னால். முதலில் கழற்றிப் போட்ட பழைய பம்ப்பும் நல்ல பம்ப்பாகத்தான் இருந்திருக்கும்.

காரணம், டேங்க் பக்கத்து ரப்பர் டியூப். கிளிப் மாட்டிய இடத்துக்குக் கீழே, மேலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில் வெடிப்பு. ஆனால் கீழே ஒரு சொட்டுப் பெட்ரோல் ஒழுகியதில்லை, வாடையும் இல்லை. அதனால்தான் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருப்பது தள்ளும் பாதை அல்ல, உறிஞ்சும் பாதை. இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவில் மேலே ஓட்டை இருந்தால் இளநீர் வெளியே சிந்தாது, நம் வாய்க்குக் காற்றுதான் வரும். இங்கேயும் அதேதான். ராத்திரி வண்டி நிற்கும்போது வெடிப்பு வழியாகக் காற்று நுழைய, குழாயில் இருந்த பெட்ரோல் முழுவதும் டேங்குக்குத் திரும்பிப் போய்விடுகிறது. முன்பக்கம் மேட்டில் இருந்தால் இன்னும் சுலபமாகப் போகிறது. காலையில் வெறும் குழாய். தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலில் அரை நிமிஷம் ஓட்டம். அப்புறம் அந்தச் சின்ன டயஃப்ரம், நீளமான காலிக் குழாய் முழுவதையும் உறிஞ்சி நிரப்ப வேண்டும். ஒருமுறை நிரம்பிவிட்டால், ஓடும் வேகத்தில் கொஞ்சம் காற்று கலந்தாலும் சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் பகல் முழுக்க நல்லபிள்ளையாக இருந்தது.

பாய் அத்தோடு விடவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு டேங்க் மூடியைத் திறந்து, "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். மூடியோ டேங்கின் காற்றுத் துளையோ அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் ஏறி, வண்டி சில கிலோமீட்டர் ஓடி நிற்கும். மூடியைத் தளர்த்தினால் சரியாகிவிடும். மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பார்ப்பதைவிட மலிவான பரிசோதனை பெட்ரோல் வண்டியில் வேறில்லை. எங்கள் வண்டியில் அந்தக் கோளாறு இல்லை.

இதையெல்லாம் வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், திறந்தவெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் தீயணைப்பானோ மணல் வாளியோ இருக்க வேண்டும். பொறி பார்க்கும் வேலையையும் பெட்ரோல் டியூப் கழற்றும் வேலையையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது. டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழைய வித்தை வேண்டாம். பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்கும்.

டியூப் ஏன் வெடித்தது? வயதாகிவிட்டது என்பதே முதல் பதில். எத்தனாலையும் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் நாடு முழுவதும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் என்ற அளவை எட்டினோம். 2023 பிப்ரவரியில் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கியது. 2030-க்கு என்று முதலில் வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-லேயே எட்டியாயிற்று. பழைய வண்டிகளின் ரப்பர் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்காகச் செய்தது. எத்தனால் பட்டால் சில வகை ரப்பர் உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைக்கும் பழைய வண்டியின் டேங்குக்கு அது நல்லதில்லை. எங்கள் டியூபை வெடிக்க வைத்தது எத்தனாலா வயதா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன். எல்லாப் பழியையும் இ20 மேல் போடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, அதுவும் ஒருவகையில் கேட்காமலே பாகம் மாற்றுவதுதான்.

ஆனால் ஒரு கணக்கு உறுதியானது. பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இஞ்செக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டரில் இருப்பது துளையிட்ட பித்தளை ஜெட், அதற்கு எதுவும் தெரியாது. எனவே இ20 ஊற்றினால் கலவை மெலிகிறது. காலையில் சோக் முன்பைவிட நீண்ட நேரம் தேவைப்படுகிறது. குளிரில் எத்தனால் ஆவியாக மறுப்பதும் சேர்ந்துகொள்ளும். பிரேசிலில் முழு எத்தனாலில் ஓடிய கார்களில், குளிர்காலத்தில் ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் குட்டிப் பெட்ரோல் டேங்க் ஒன்று வைத்திருந்தார்கள். மதுரைக்கு அந்தக் கவலை இல்லை. நம் கவலை நேர் எதிரானது.

அக்னி நட்சத்திரத்தில் பழைய வண்டிகளுக்கு வருவது வேப்பர் லாக். பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம். சூடான எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் டயஃப்ரம் ஆவியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர எதையும் தள்ளாது. ஊட்டி, கொடைக்கானல் ஏறும்போது இது அதிகம். இரண்டாம் கியரில் ஏறிய எஞ்சின் தகிக்கும், 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமதரையில் இருப்பதில் முக்கால் பங்குதான், பெட்ரோல் இன்னும் எளிதாகக் கொதிக்கும். அம்பாசிடர் டிரைவர்கள் ஈரத்துணியை ஏசி பம்ப்பில் சுற்றிவைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த கதை. ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகும், வண்டி கிளம்பும். காற்று வாங்கும் கோளாறையும் இதையும் பிரித்தறிவது சுலபம். வேப்பர் லாக் சூட்டில் வரும், ஆறினால் போய்விடும். காற்று வாங்குவது ஆறின வண்டியில்தான் அதிகம் வரும்.

இஞ்செக்‌ஷன் வண்டிகளில் இந்த இரண்டு தொல்லையுமே ஏறக்குறைய ஒழிந்துவிட்டன. பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. அங்கிருந்து மூன்று பார் அளவு அழுத்தத்தில் தள்ளிக்கொண்டு வருகிறது. வெடிப்பு இருந்தால் காற்று உள்ளே போகாது, பெட்ரோல் வெளியே பீய்ச்சும், தீப்பிடிக்கும் ஆபத்தும் அதனால் கூடுதல். அந்த வண்டிகளில் டியூபைச் சும்மா கழற்றக் கூடாது. பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான். என் மச்சானின் காரில் காலையில் நீளமாகச் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும் என்ற புகார். பம்ப் மாற்றப் பெரிய தொகை சொல்லியிருந்தார்கள். "மச்சான், சாவியை ஆன் போடுங்க. ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்றேன். பின் சீட்டுக்கு அடியில் "உய்ங்" என்று இரண்டு விநாடி சத்தம் வந்தது. ஆஃப். மறுபடி ஆன். இப்படிச் சில முறை போட்டுவிட்டுத் திருப்பினால் உடனே பிடித்தது. பம்ப் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழுத்தம் ஏற்றுகிறது, ராத்திரியில் அந்த அழுத்தம் எங்கோ இறங்கிவிடுகிறது. பம்ப்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வாகவும் இருக்கலாம், எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் ஒழுகுவதாகவும் இருக்கலாம். ஒழுகும் இஞ்செக்டருக்குப் பம்ப் மாற்றினால் காசுதான் போகும். இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயில் (ஃபியூயல் ரயில்) பிரஷர் கேஜ் மாட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு முள் எப்படி இறங்குகிறது என்று பார்க்கச் சொன்னேன். அந்தச் சத்தமே வரவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. பல வண்டிகளில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் செருகிப் பார்க்கக் காசு செலவில்லை. சத்தம் வந்தும் பிடிக்கவில்லை என்றால், செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது அசைகிறதா, சாவி படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு மின்னுகிறதா என்று பார்க்கலாம். முள் அசையாமல் கிடந்தால், எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் போகும்.

ரிசர்விலேயே ஓட்டும் வழக்கமுள்ளவர்களுக்கும் ஒன்று: டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்.

பாய் எங்கள் வண்டிக்குக் கேட்ட கூலி, டியூபின் விலையைப்போலப் பல மடங்கு. பேரம் பேசாமல் கொடுத்தேன், இன்னும் கொஞ்சம் சேர்த்தே கொடுத்தேன். டியூபை அவர் சொன்னபடி நானே வாங்கி வந்திருந்தேன், மேலே எஸ்.ஏ.இ. ஆர்9 என்று அச்சிட்டது. இஞ்செக்‌ஷன் வண்டிக்கான ரகம், எத்தனாலைத் தாங்கும், கார்புரேட்டர் வண்டிக்கு அது அதிகப்படிதான். பைக்குக்குப் போடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபைக் கடைக்காரர் மலிவாக எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். சூட்டில் சில மாதத்தில் விறைத்துப்போகும், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். முன்பக்கத்து டியூபையும், மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் டியூபையும் கையோடு மாற்றியாயிற்று, கிளிப்புகளும் புதுசு.

கழற்றிய ஃபில்டரைத் தட்டியபோது வெள்ளைத் துணியில் பழுப்பு நிறத் தூள் விழுந்தது. டேங்குக்குள் துரு. பெட்ரோலைக் கால் டேங்குக்குக் கீழே இறங்கவிட்டு வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் பாய், டேங்கை இறக்கிக் கழுவ. மழை விட்டதும் போக வேண்டும்.